சொல் எல்லாம் தெரிகிறது, வாக்கியம் மட்டும் பிடிபடவில்லை: ஆங்கில அறிக்கைகளை எப்படிப் படிப்பது?

கேள்வி கேட்டவர் திருவொற்றியூர்க்காரர். பள்ளிப்படிப்பு தமிழ்வழியில், பட்டப்படிப்பு ஆங்கிலவழியில். ஆங்கில நாளிதழைத் தடங்கல் இல்லாமல் வாசிக்கிறவர். தம் வீட்டுக்கு அருகே வரவிருக்கும் ஆலை விரிவாக்கம் ஒன்றின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் படிக்க உட்கார்ந்தவருக்குத் தலை சுற்றிவிட்டது. அவர் கேட்பது இதுதான்: "ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரிகிறது. வாக்கியம் முடிந்ததும் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. என் ஆங்கிலம் போதாதா, அல்லது வேண்டுமென்றே இப்படி எழுதுகிறார்களா? கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நானும் இந்த நடையில்தான் எழுதிக் கொடுக்க வேண்டுமா?"

உங்கள் ஆங்கிலம் போதும். நீங்கள் தேடும் இடம்தான் வேறு. தமிழில் படித்து வளர்ந்த கண், வாக்கியத்தின் சாரத்தை வினைமுற்றில் தேடும். அது நியாயமான பழக்கம், ஏனென்றால் தமிழ் தன் சரக்கில் பெரும்பகுதியை அங்கேதான் வைக்கிறது. "திறந்துவிட்டிருக்கிறார்கள்" என்று ஒரே சொல்லைச் சொன்னால் போதும். செயல் முடிந்துவிட்டது, அதன் விளைவு இன்னும் நீடிக்கிறது, செய்தவர்கள் மனிதர்கள், ஒருவருக்கு மேற்பட்டவர்கள், அந்தக் கூட்டத்தில் நானும் இல்லை நீங்களும் இல்லை, சொல்பவர் நேரில் பார்க்காமல்கூட இருக்கலாம் என்று இத்தனையும் அதில் அடங்கிவிடும். ஆங்கில வினைச்சொல்லுக்கு இவ்வளவு தெம்பு கிடையாது. பழைய ஆங்கிலத்தில் இருந்த விகுதிகளில் பெரும்பாலானவை காலப்போக்கில் உதிர்ந்துவிட்டன. மிஞ்சிய விகுதிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே எழுத்து ஆங்கிலம், குறிப்பாக அறிக்கை ஆங்கிலம், செய்தியைப் பெயர்ச்சொற்களுக்குள் திணிக்கிறது. நீங்கள் வினையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது விஷயம் பெயரில் போய்விடுகிறது.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். எந்த அறிக்கையிலிருந்தும் எடுத்ததில்லை, அந்தப் பாணியில் நானே அமைத்தது. 2023 டிசம்பருக்குப் பிறகு எண்ணூர்ப் பக்கத்தில் இந்தச் சொற்கள் யாருக்கும் அன்னியமாக இருக்காது. மிக்ஜாம் புயல் மழையோடு கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது, அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தை ஒட்டிய கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் வீட்டைவிட்டு ஓடியது எல்லாம் நினைவிருக்கும். வாக்கியம் இது:

"ஃபெயிலியர் ஆஃப் பைப்லைன் பிரஷர் மானிட்டரிங் எக்யூப்மென்ட் ரிசல்ட்டட் இன் டிலேய்ட் டிடெக்‌ஷன் ஆஃப் தி ரிலீஸ்."

பதின்மூன்று சொற்கள். அவற்றில் "ஆஃப்" இரண்டு, "இன்" ஒன்று, "தி" ஒன்று ஆகிய நான்கும் ஒட்டுவேலைக்கு வந்தவை. மற்ற ஒன்பதும் பொருள் சுமக்கும் சொற்கள். வினைமுற்று ஒன்றே ஒன்று. மொழியியலாளர் ஹாலிடே இப்படித்தான் அடர்த்தியை அளந்தார்: ஒரு வினைமுற்றைச் சுற்றி எத்தனை பொருட்சொற்கள் இருக்கின்றன என்று எண்ணுவது. பேச்சு ஆங்கிலத்தில் அது ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு, எழுத்தில் மூன்று முதல் ஆறு என்பது அவர் கணக்கு. நம் வாக்கியத்தில் ஒன்பது. தலை சுற்றாமல் என்ன செய்யும்?

இனி அதைப் பிரிப்போம். குழாயில் அழுத்தம் எவ்வளவு என்று கண்காணிக்கும் கருவி பழுதானது. அதனால், ஏதோ வெளியேறியதைக் கண்டுபிடிக்கத் தாமதமானது. பழுதானது, கண்காணிப்பது, வெளியேறியது, கண்டுபிடித்தது, தாமதமானது என்று ஐந்து செயல்கள் இதில் இருக்கின்றன. ஆங்கில வாக்கியத்தில் அவற்றில் ஒன்றுகூட வினைமுற்றாக இல்லை. வினைமுற்றின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது "ரிசல்ட்டட் இன்". அதன் வேலை என்ன? நம் "அதனால்" செய்கிற வேலைதான். செயல்களெல்லாம் பெயராகிவிட்டன, இணைப்புச்சொல் வினையாகிவிட்டது. "லெட் டு", "காஸ்ட்" (ஏற்படுத்தியது), "ரிஃப்ளெக்ட்ஸ்", "இஸ் அசோசியேட்டட் வித்" ஆகியவையும் இதே குடும்பம். அறிக்கையில் இவற்றைக் கண்டால், இது வினை இல்லை, வேடம் போட்ட இணைப்பு என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். உண்மையான வினைகள் இதன் இரு பக்கமும் பெயர் உருவில் இருக்கும். "-ஷன்", "-மென்ட்", "-அன்ஸ்", "-இங்", "-அல்" என்று முடியும் சொற்களைத் தோண்டுங்கள். "ஃபெயிலியர்", "ரிலீஸ்" போன்றவை அப்படி எளிதில் காட்டிக்கொடுக்காது. அவற்றைப் பழகித்தான் பிடிக்க வேண்டும்.

வினையைப் பெயராக்குவது மீனைக் கருவாடாக்குவது போன்றது. நீர் வற்றுகிறது, எடை குறைகிறது, அடுக்கி வைக்கலாம், வெகுதூரம் அனுப்பலாம். வற்றிப்போன நீர் எது என்பதுதான் கேள்வி. வினைமுற்றில் காலமும் எழுவாயும் இருந்தன. பெயரானதும் இரண்டும் போய்விட்டன. "டிடெக்‌ஷன்" என்றால் யார் கண்டுபிடித்தது? ஆலைக்காரர்களா, மூச்சுத் திணறி எழுந்த தெருக்காரர்களா? "டிலேய்ட்" என்றால் பத்து நிமிடமா, நான்கு மணி நேரமா? எதையும் சொல்லாமலேயே இலக்கணப்படி நிறைவான வாக்கியம் அமைந்துவிட்டது.

பள்ளியில் செய்வினை, செயப்பாட்டுவினை மாற்றும் பயிற்சியை எல்லோரும் செய்திருக்கிறோம், ஏன் மாற்ற வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. கர்த்தாவை மறைக்கச் செயப்பாட்டுவினை உதவும் என்று பலரும் அதையே குறை சொல்வார்கள். என் கணிப்பில் அது பாதி அப்பாவி. "தி வால்வ் வாஸ் ஓபன்ட்" என்றால் யாரால் என்ற கேள்வியாவது கேட்பவர் வாயில் வந்துவிடும், காலமும் வினையில் தெரிகிறது. "வால்வ் ஓப்பனிங்" என்று பெயராக்கிவிட்டால் அந்தக் கேள்வியே தோன்றாது.

அடுத்தது, பெயர்மேல் பெயர் அடுக்குவது. "பைப்லைன் பிரஷர் மானிட்டரிங் எக்யூப்மென்ட்" என்பதில் வேற்றுமைக்கு உரிய ஒட்டுச்சொல் ஒன்றுகூட இல்லை. இதைப் பார்த்துத் தமிழ் படித்தவர் பயப்படுவதுதான் எனக்கு வியப்பு. பத்தாம் வகுப்பில் தொகைநிலைத் தொடர் படித்தோமே! தேர்ப்பாகன் என்றால் தேரை ஓட்டும் பாகன், தமிழ்த்தொண்டு என்றால் தமிழுக்குச் செய்யும் தொண்டு. வேற்றுமை உருபும் போய், அதன் பொருளை விளக்கும் சொல்லும் போய், இரண்டு பெயர்கள் மட்டும் நிற்கின்றன. உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று அதற்குப் பெயர் வைத்து மனப்பாடம் செய்தோம். ஆங்கிலத் தொடரும் அதேதான், நீளம்தான் அதிகம். விரிக்கும் முறையும் அதேதான். தலைமைச் சொல் கடைசியில் இருக்கும். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்: கருவி, கண்காணிக்கும் கருவி, அழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி, குழாயில் உள்ள அழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி. ஒவ்வோர் அடியிலும் நீங்கள் சேர்க்கும் "ஐ", "இல்", "உள்ள" எல்லாம் எழுதியவர் விட்டுவிட்டவை.

"மானிட்டரிங்" இன்னும் சுவையானது. கொல்களிறு என்ற வினைத்தொகையைக் கொன்ற, கொல்கின்ற, கொல்லும் களிறு என்று மூன்று காலத்துக்கும் விரிப்போம். "மானிட்டரிங் எக்யூப்மென்ட்" என்பதிலும் காலம் கரந்துதான் இருக்கிறது. அது கண்காணிப்பதற்காக வாங்கிய கருவி என்று மட்டுமே அந்தத் தொடர் சொல்கிறது. அன்று இரவு கண்காணித்துக்கொண்டிருந்ததா, எத்தனை மாதமாக ஓடவில்லை என்பதெல்லாம் அதில் கிடையாது.

தொகையில் பொருள் மயக்கமும் வரும். "கோஸ்டல் ஃபிஷிங் வில்லேஜ் ரிலொகேஷன் பிளான்" என்ற ஐந்து சொல் தொடரைப் பாருங்கள். மீனவ கிராமத்தை இடம்பெயர்க்கும் திட்டம் என்பது வரை சரி. "கோஸ்டல்" எதைத் தழுவுகிறது? இப்போது கடலோரத்தில் இருக்கும் கிராமம் என்றா, கடலோரத்துக்கே பெயர்க்கும் திட்டம் என்றா? முதல் பொருள்தான் இயல்பானது, ஆனாலும் இலக்கணம் இரண்டாவதைத் தடுக்கவில்லை. காசிமேட்டில் வலை பின்னுகிறவருக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பிழைப்புக்கும் பட்டினிக்கும் உள்ள வேறுபாடு. இப்படிப்பட்ட தொடரைப் பார்த்தால் விரித்து எழுதச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

தமிழ்க் கண்ணை உண்மையில் ஏமாற்றுவது வேறொன்று. தமிழில் அடைமொழி எல்லாம் பெயருக்கு முன்னால் வரும், ஆங்கிலத்தில் பின்னாலும் வரும். இந்த வாக்கியத்தைப் படியுங்கள்: "தி எஃப்ளுயன்ட் டிஸ்சார்ஜ்ட் இன்டு தி க்ரீக் பை யூனிட்ஸ் அப்ஸ்ட்ரீம் எக்சீடட் தி லிமிட்." படிக்கும்போது "டிஸ்சார்ஜ்ட்" வந்ததும் வினைமுற்று கிடைத்துவிட்டது என்று மனம் ஆறுதல் அடையும். கடைசியில் "எக்சீடட்" வந்து எல்லாவற்றையும் குலைக்கும். முதலாவது பெயரெச்சம், இரண்டாவதுதான் முற்று. நீரோட்டத்தின் மேல்புறத்தில் உள்ள ஆலைகள் கழிமுகத்தில் விட்ட கழிவுநீர் வரம்பை மீறியது என்பது பொருள். "விச் வாஸ்" என்ற இரண்டு சொற்களைச் சிக்கனத்துக்காக விழுங்கிவிட்டார்கள். நமக்கு "விட்ட" வேறு, "விட்டது" வேறு, குழப்பமே கிடையாது. ஆங்கிலத்தில் பெரும்பாலான வினைகளுக்கு இரண்டும் ஒரே உருவம். எனவே "-எட்" ஈறு கொண்ட சொல்லை முதலில் பார்த்ததும் முற்று என்று முடிவுகட்டாதீர்கள். வாக்கியத்தின் இறுதிவரை போய், இன்னொரு வினை காத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் ஆவணங்களை மொழிபெயர்த்தே காலம் தள்ளியவன் நான். புதிதாக வேலைக்கு வரும் இளைஞர்கள் மற்ற எதையும்விட இதில்தான் அதிகம் தடுக்கி விழுவார்கள்.

சொல் தேர்வுக்கு வருவோம். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியதும் ஆங்கிலத்துக்குள் பிரெஞ்சு புகுந்தது, பின்னர் அறிஞர்கள் லத்தீனைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அதனால் ஒரே கருத்துக்கு இரண்டு மூன்று அடுக்குச் சொற்கள். "ஆஸ்க்" நாட்டுச் சொல், "க்வெஸ்சன்" பிரெஞ்சு வழி வந்தது, "இன்டராகேட்" லத்தீன் வழி. அறிக்கைக்காரர்கள் மேலடுக்கை விரும்புவதற்குப் பகட்டு மட்டும் காரணமில்லை. "ஃபைண்ட் அவுட்" என்பதைப் பெயராக்கிப் பாருங்கள், அழகாக வராது. "டிடெக்ட்" என்றால் "டிடெக்‌ஷன்" தயாராக இருக்கிறது. மேலடுக்குச் சொற்கள் பெயராக மடிவதற்கென்றே வார்த்தவை போல இருக்கும். "எவாக்குவேட்" என்ற ஒரு சொல்லில் ஆபத்து, அந்த இடத்தில் இருக்கும் மக்கள், அவர்களை வெளியேற்றுவது எல்லாம் அடக்கம்.

"ரிலீஸ்" என்ற சொல்லையும் கவனியுங்கள். "லீக்" என்று எழுதியிருக்கலாமே? தொழில்நுட்பர்களைக் கேட்டால் காரணம் சொல்வார்கள்: தவறிக் கசிந்தாலும் தெரிந்தே திறந்துவிட்டாலும் "ரிலீஸ்" பொருந்தும். அது பொய்யில்லை. ஆனால் எல்லாவற்றையும் தழுவும் சொல் எதையும் உறுதியாகச் சொல்லாத சொல்லும்கூட. அதைப் பார்த்ததும் இரண்டில் எது என்று கேளுங்கள்.

மிகச் சிறிய சொற்களும் ஆள் விழுங்கும். "எ மைனர் லீக் வாஸ் கன்ட்ரோல்ட்" என்ற வாக்கியத்தை மறுக்க எழுபவர் எதை மறுப்பார்? "கட்டுப்படுத்தவே இல்லை" என்பார். "மைனர்" என்ற அடைமொழி விவாதத்துக்கே வராமல் உள்ளே நுழைந்துவிடும். முற்றில் வைத்த செய்தி வாதம், பெயருக்கு முன்னால் வைத்த அடை ஏற்கெனவே முடிந்துபோன தீர்ப்பு. "தி" என்பதும் அப்படித்தான். "தி நெசசரி சேஃப்கார்ட்ஸ்" என்றால் தேவையான பாதுகாப்புகள் இன்னவை என்று ஏற்கெனவே முடிவாகி, உங்களுக்கும் தெரியும் என்ற தொனி வந்துவிடுகிறது. எங்கே அந்தப் பட்டியல் என்று அறிக்கையில் பின்னோக்கித் தேடுங்கள். பல நேரங்களில் இருக்கும். இல்லாத நேரங்களுக்காகத்தான் தேடச் சொல்கிறேன்.

தலைப்புச் செய்தி ஆங்கிலம் தனி ஊர். அங்கே "எ", "தி" எல்லாம் உதிரும், நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் சொல்வார்கள், நாளை நடக்கப்போவதை "டு" போட்டுச் சொல்வார்கள். நாளிதழ் வாசிக்கும் உங்களுக்கு அது பழகியிருக்கும். மருத்துவமனைச் சீட்டு ஆங்கிலம் அதைவிடச் சுருக்கம். "நோன் டயபெட்டிக் ஆன் ட்ரீட்மென்ட்" என்று எழுதியிருப்பதைக் காதால் கேட்டு, "நோன்" என்பதை இல்லை என்று பொருள்படும் "நான்" என்று எடுத்துக்கொண்டு, "சர்க்கரை இல்லையாம்" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போன குடும்பங்கள் உண்டு. சர்க்கரை நோய் இருப்பது முன்பே தெரிந்தவர், மருந்து எடுத்துவருபவர் என்பது பொருள். எழுவாயும் இல்லை, வினையும் இல்லை. இரவுப் பணிக்கு வரும் அடுத்த மருத்துவருக்கு அது போதும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது. வேண்டுமென்றே எழுதுகிறார்களா? சிலர், சில இடங்களில். பெரும்பாலோர் பயிற்சியால். ஒரு துறைக்காரர் இன்னொருவருக்கு எழுதும்போது விரித்து எழுதினால் பத்துப் பக்கம் நாற்பதாகும், படிப்பவருக்கும் எரிச்சல் வரும். வாதத்தை நகர்த்தவும் பெயராக்கம் வேண்டியிருக்கிறது. "குழாய் கசிந்தது" என்று ஒரு வாக்கியம், "இந்தக் கசிவு மூன்று காரணங்களால்" என்று அடுத்தது. முதல் வாக்கியம் முழுவதையும் "கசிவு" என்ற ஒரு சொல்லாக மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு மேலே போகிறோம். 1704இல் வெளிவந்த நியூட்டனின் ஒளியியல் நூலிலேயே இந்த உத்தி வேலை செய்வதை ஹாலிடே எடுத்துக் காட்டியிருக்கிறார். பைபர் என்ற அமெரிக்க மொழியியலாளரும் அவர் குழுவினரும் பெருந்தொகையான உரைகளைக் கணினியில் அலசிக் காட்டியது இன்னும் வியப்பானது. கிளைவாக்கியம் உள்ள நீண்ட வாக்கியங்களால்தான் கல்வித்துறை ஆங்கிலம் கடினம் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். ஆனால் கிளைவாக்கியங்களில் பல வகைகள் பேச்சில்தான் அதிகம், எழுத்தின் கடினம் பெயர்த்தொடரில் இருக்கிறது என்று இவர்கள் காட்டினார்கள். ஆக, நீண்ட வாக்கியத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். வினை குறைந்த குட்டை வாக்கியத்தைக் கண்டால் உஷாராக இருங்கள்.

துறைக்காரர்களுக்குள் இந்த நடை செல்லும். ஆலைக்கு அடுத்த தெருவில் இருப்பவரிடம் கருத்துக் கேட்கும்போது செல்லாது. இதில் எனக்குச் சமரசம் இல்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, அறிக்கையின் சுருக்கத்தை ஆங்கிலத்தோடு வட்டார மொழியிலும் தரச் சொல்கிறது, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்கச் சொல்கிறது. தமிழ்ச் சுருக்கம் வரும்தான். அதிலும் "குழாய்வழி அழுத்தக் கண்காணிப்புக் கருவிச் செயலிழப்பு" என்று தொகையைத் தொகையாகவே பெயர்த்து வைத்திருந்தால், அது தமிழ் எழுத்தில் உள்ள ஆங்கிலம். மொழிபெயர்த்தவர் "யார், எப்போது" என்று கேட்டிருக்க வேண்டும், கேட்டாலும் அவருக்கு விடை சொல்ல ஆள் இல்லை. அதனால் அப்படியே மடித்து வைத்துவிடுகிறார். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் என்பதால் அவர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

நீங்கள் எழுதிக் கொடுப்பதற்கு அந்த நடை வேண்டவே வேண்டாம். தமிழிலேயே எழுதலாம். எழுவாயும் வினைமுற்றும் தேதியும் இருக்கட்டும்: "இன்ன மாதம் இன்ன தேதி இரவு எங்கள் தெருவில் வாடை வந்தது. அழைத்தோம். இத்தனை மணிக்குத்தான் ஆள் வந்தார்." கேள்விகளையும் அவர்களுடைய பெயர்ச்சொற்களை வினையாக்கியே கேளுங்கள். "டிலேய்ட் டிடெக்‌ஷன்" என்று பக்க எண்ணோடு மேற்கோள் காட்டிவிட்டு, "யார் கண்டுபிடித்தார், எத்தனை நிமிடம் கழித்து?" என்று கீழே எழுதுங்கள்.

இன்னொன்று, கூட்டம் முடிகிறபோது எழுந்து போய்விடாதீர்கள். மக்கள் சொன்ன கருத்துகளின் சுருக்கத்தை இறுதியில் அங்கேயே வாசித்து, வட்டார மொழியில் விளக்க வேண்டும் என்பதும், அதன் பிறகே மாவட்ட ஆட்சியரோ அவர் பிரதிநிதியோ கையெழுத்திட வேண்டும் என்பதும் அதே அறிவிக்கையில் உள்ள விதி. நீங்கள் வினையாகச் சொன்னதெல்லாம் பெயராக மாறுவது அந்தத் தாளில்தான். "எங்கள் வலையில் எண்ணெய் ஒட்டியது, மூன்று வாரம் தொழிலுக்குப் போகவில்லை" என்று ஒருவர் சொன்னது, "மீன்வளப் பாதிப்பு குறித்துக் கவலை தெரிவிக்கப்பட்டது" என்று வாசிக்கப்படலாம். கையை உயர்த்தி, "மூன்று வாரம் என்று சொன்னார், அதை எழுதுங்கள்" என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.